மறு: ‘முடிவிலா மடக்கு’ இருக்க இன்னொரு சொல் எதற்கு?

அனைவருக்கும் வணக்கம்.

நிரலில் ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் அமைப்பை ‘மடக்கு’ (லூப்) என்கிறோம். அது நிற்காமல் ஓடினால் ‘முடிவிலா மடக்கு’. இந்தச் சொல் இருக்க இன்னொன்று எதற்கு என்று நேற்றைய மடலில் மதுரை நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். போன வாரம் தரமணி அலுவலகத்தில் என்னை இரவு பதினொன்றரை வரை உட்கார வைத்த வழுவை, அதாவது நிரல் பிழையை, பதிலாகச் சொல்கிறேன்.

தரவுத்தள அட்டவணையில் கணக்குகளை ஒவ்வொரு நிரையாக (ரோ) எடுத்து வட்டி போடும் நிரல் அது. எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் இப்படி எழுதும்போது, அடுத்த நிரையை எடுத்துவரும் ‘ஃபெட்ச் நெக்ஸ்ட்’ கட்டளையை வழக்கமாக இரண்டு இடங்களில் வைப்போம்: மடக்குக்குள் நுழையுமுன் ஒன்று, மடக்கின் கடைசி வரியில் ஒன்று. இரண்டும் இருந்தன. ஆனால் நடுவே, மூடப்பட்ட கணக்காக இருந்தால் தாண்டிப் போகட்டும் என்று ஒரு ‘கன்டினியூ’ எழுதியிருந்தேன். மிச்ச வரிகளை விட்டுவிட்டு மடக்கின் தலைக்குத் திரும்பச் சொல்லும் கட்டளை அது. அது கடைசி வரியில் இருந்த ‘ஃபெட்ச் நெக்ஸ்ட்’டையும் சேர்த்தே தாண்டிவிட்டது. முதலில் எதிர்ப்பட்ட மூடிய கணக்கிலேயே நிரல் சிக்கிக்கொண்டது. நிரை கிடைத்ததா என்று சொல்லும் ‘ஃபெட்ச் ஸ்டேட்டஸ்’ 0 ஆக இருக்கும்வரை மடக்கு ஓடும்; நிரைகள் தீர்ந்தால்தான் அது -1 ஆகும். அடுத்த நிரையைக் கேட்கவே இல்லை என்பதால் அது 0 என்றே நின்றது.

வழுநீக்கத்திலும் ஒரு கோமாளித்தனம். கணக்கு எண்ணை அச்சிடும் வரியை மடக்கின் அடியில் வைத்திருந்தேன். சிக்கிய பிறகு நிரல் அந்த வரிக்கே வராது என்பது உறைக்க ஒரு மணி நேரம் ஆனது. வரியை மடக்கின் தலைக்கு மாற்றியதும் ஒரே எண் திரையில் சரசரவென்று இறங்கியது.

இதை ‘முடிவிலா மடக்கு’ என்று பதிவேட்டில் எழுதக் கை வரவில்லை. கோரிக்கைகளுக்காக இரவும் பகலும் காத்திருக்கும் வழங்கியின் (சர்வர்) மடக்கும் முடிவிலாததுதான். அது முடிந்தால்தான் தவறு. என்னுடையதன் குற்றம் முடியாமை அன்று, நகராமை.

‘மடக்கு’ என்ற சொல்லையே கைவிட்டுச் ‘சுழற்சி’ என்போம் என்று கோவை அம்மா எழுதியிருந்தார். நான் உடன்படவில்லை. மடக்கு என்ற செய்யுள் அணியில் வந்த சொல்லே திரும்ப வரும், ஆனால் வேறு பொருள் தரும். நல்ல மடக்கும் அப்படியே: வரிகள் அவையே, ஒவ்வொரு முறையும் நிரை வேறு. இத்தனை பொருத்தமான சொல்லை யார் விட்டுக்கொடுப்பார்? சொல்லும் பொருளும் மாறாமல் வருவதற்குச் சொற்பொருள் பின்வருநிலையணி என்று பெயர் உண்டு. பழுதான மடக்குக்கு அது கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் பிழைச்செய்தியில் இடம் போதாது.

எனவே என் பரிந்துரை: செக்குமடக்கு. ஓட்டம் உண்டு, பயணம் இல்லை. ‘நிரல் செக்குமடக்கில் சிக்கியது’, ‘செக்குமடக்கை அவிழ்த்தேன்’ என்று வினையோடும் இயல்பாகச் சேர்கிறது.

நகரத்துப் பிள்ளைகளுக்குச் செக்கு தெரியாது என்பார்கள். சென்னையில் இப்போது தெருவுக்குத் தெரு மரச்செக்கு எண்ணெய்க் கடை இருக்கிறது. மாட்டுக்குப் பதில் மோட்டார், அவ்வளவுதான். செக்கிலாவது எண்ணெய் வருமே என்ற மறுப்புக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு எனக்குப் பிண்ணாக்குகூடக் கிடைக்கவில்லை.

எண்ணி ஓடும் மடக்கை இதோடு குழப்ப வேண்டாம். அது நவக்கிரகத்தை ஒன்பது முறை சுற்றுவது போல. எண்ணிக்கை தவறி எட்டிலோ பத்திலோ முடிந்தால் அது வேறு வழு, அதற்குத் தனி மடல் இழை தொடங்கலாம்.

இன்னொன்று பாக்கி. நிரைகளின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்து, இப்போது எந்த நிரையில் நிற்கிறோம் என்று காட்டும் ‘கர்சர்’. அதற்குத் தமிழில் என்ன சொல்வது? ‘சுட்டி’ என்றால் எல்லாரும் மேசைமேல் இருக்கும் மவுஸைப் பார்க்கிறார்கள். ‘நிரைகாட்டி’ சரிவருமா? நிரைக்கு மாட்டுக்கூட்டம் என்ற பொருளும் உண்டு, செக்கோடு ஒத்துப்போகும். மாற்றுச்சொல் இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள்; சனிக்கிழமை எங்கள் குழுவின் சொற்பட்டியலில் ஏற்ற வேண்டும்.