தமிழ்ப் பாடநூலில் சமன்பாடு மட்டும் வெளிறித் தெரிகிறது, எந்தக் கணித எழுத்துரு சேரும்?

கோத்தகிரி_மாலைவகுப்பு:
பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு முக்கோணவியல் பயிற்சி நூல் ஒன்றை ஸீலேடெக்கில் (கட்டளைகள் எழுதிப் பக்கம் அமைக்கும் மென்பொருள்) செய்துகொண்டிருக்கிறேன். கணக்கெல்லாம் நம் மலைக் கணக்குதான்: கல்லாறு–குன்னூர் ரயில் பாதையில் 12-க்கு 1 ஏற்றம், முத்தோரை ரேடியோ தொலைநோக்கி இருக்கும் 11 டிகிரி சரிவு. வாசகத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ். யூனிகோட்-மேத் (கணித எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க உதவும் துணைத் தொகுப்பு) போட்டுவிட்டுக் கணித எழுத்துரு எதையும் சொல்லாததால் லத்தீன் மாடர்ன் எழுத்துரு தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. தமிழ் வரி கருப்பாக இருக்கிறது, சமன்பாடு மை தீர்ந்த மாதிரி. வரியில் உள்ள 12-ம் சமன்பாட்டில் உள்ள 12-ம் வேறு வேறு முகம். ரிசோவில்தான் (ஸ்டென்சில் வழியே மை ஏற்றும் நகல் அச்சு இயந்திரம்) அடிக்கப்போகிறோம். என்ன செய்யலாம்?

ஃபிங்கர்போஸ்ட்:
லத்தீன் மாடர்ன் என்பது, டெக்கை உருவாக்கிய க்னூத்தின் கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துரு வழி வந்தது, அதன் மெல்லிய கோடுகள் ரொம்பவே மெல்லியவை, ரிசோவில் கழித்தல் குறியே காணாமல் போனாலும் ஆச்சரியமில்லை. ஸ்டிக்ஸ் டூ மேத் அல்லது டெக் கைர் பஜெல்லா மேத் போட்டுப் பாருங்கள். பஜெல்லா பாலட்டினோ சாயல், உடம்பு கொஞ்சம் அகலம், தமிழின் வட்ட எழுத்துக்கு அதுதான் நன்றாகச் சேரும் என்பது என் கட்சி. எண் மாறுவதற்குக் காரணம், நோட்டோ தமிழுக்குள்ளேயே எண்கள் இருப்பது. யூனிகோட்-மேத்தில் எண்களுக்கு மட்டும் வேறு எழுத்துரு சொல்லலாம், நோட்டோவையே கொடுத்துவிடுங்கள்.

கொடைக்கானல்_அச்சு:
கடைசி யோசனை வேண்டாம் சார். அடுக்கு எங்கே ஏறவேண்டும், பின்னக் கோடு எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் கணித எழுத்துருவுக்குள் இருக்கும் மேத் டேபிள் என்ற அளவுப் பட்டியலில் இருக்கிறது (2007 ஆபீஸோடு வந்த கேம்ப்ரியா மேத் காலத்திலிருந்து இப்படித்தான்), பக்கத்தில் நிற்கும் எண் மட்டும் வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் உறுத்தும். திருப்பிச் செய்யுங்கள். வரியில் வரும் எண்ணையும் ஆங்கில எழுத்தையும் பஜெல்லாவுக்கு மாற்றுங்கள், தமிழ் மட்டும் நோட்டோவில் இருக்கட்டும். அப்புறம் தமிழின் அளவைச் சுமார் 0.9 மடங்காகக் குறைத்துப் பாருங்கள், பக்கத்தில் வைத்தால் அது பெரிதாகத் தெரியும்.

இன்னொன்று: பின்னத்துக்குள் உயரம், தூரம் என்று தமிழில் எழுதுகிறீர்களா? கணித எழுத்துருவில் தமிழே கிடையாது, டெக்ஸ்ட் கட்டளைக்குள் போடாவிட்டால் அந்த இடம் காலியாகத்தான் வரும். போட்டாலும் ‘தூ’வின் வால் கீழே இறங்கி இடத்தை அடைக்கும். குறியீடு வைத்து, விளக்கத்தைக் கீழே வரியில் எழுதுவதே மேல்.

கோத்தகிரி_மாலைவகுப்பு:
பின்னத்துக்குள் தமிழ் நிறையவே இருக்கிறது, எடுத்துவிடுகிறேன். பஜெல்லா, ஸ்டிக்ஸ் இரண்டிலும் ஒரே பக்கத்தைச் செய்து ரிசோவிலேயே அடித்துப் பார்க்கிறேன். திரையில் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, அதை நம்ப முடியாது.