ஆஞ்சியோகிராமில் அடைப்பு இல்லை என்கிறார்கள். அக்காவின் நெஞ்சு வலி நிற்கவில்லை

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு 53 வயது. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உண்டு, மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் ஆகின்றன. மாடிப்படி ஏறினால் நெஞ்சு அழுத்துகிறது, உட்கார்ந்தால் தணிகிறது. சில நாள் விடியற்காலையில் வலியோடு விழித்துக்கொள்கிறார். டிரெட்மில் பரிசோதனையில் மாற்றம் தெரிந்ததால் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். அடைப்பு இல்லை, இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, வாயுவுக்கும் மனக்கவலைக்கும் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது அவர் வலி என்றாலே வீட்டில் "அதுதான் ஒன்றும் இல்லை என்றார்களே" என்கிறார்கள்; அவரும் சொல்வதைக் குறைத்துக்கொண்டுவிட்டார். ஆஞ்சியோகிராம் நன்றாக இருந்தும் வலி இதயத்திலிருந்து வரக்கூடுமா?

பொது மருத்துவர், நெல்லை:
வரக்கூடும், சகோதரி. ஆஞ்சியோகிராமில் தெரிபவை இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் பெரிய தமனிகள்தாம். ஏறத்தாழ அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள குழாய்கள் அந்தப் படத்தில் தெரிவதில்லை. ஆனால் உழைக்கும்போது இதயத் தசைக்குக் கூடுதல் ரத்தம் போய்ச் சேர வேண்டுமானால் அந்த நுண்குழாய்கள்தாம் விரிய வேண்டும். அவை போதிய அளவு விரியாவிட்டால், அடைப்பே இல்லாமலும் நெஞ்சு அழுத்தும். பெரிய தமனி திடீரென்று இறுகிப் பின் தளர்வது இன்னொரு வகை. விடியற்காலை வலி அந்த ஐயத்தை எழுப்புகிறது.

அமெரிக்காவில் 1996-ல் தொடங்கிய 'வைஸ்' ஆய்வில், இத்தகைய அறிகுறிகளோடு ஆஞ்சியோகிராமுக்கு வந்த 936 பெண்களைச் சேர்த்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் குறிப்பிடத்தக்க அடைப்பு இல்லை. ஆனாலும் தொடர்ந்து கவனித்தபோது, அறிகுறியே இல்லாத பெண்களைவிட இவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு ஆகியவை அதிகம் நேர்ந்தன. ஆகவே "அடைப்பு இல்லை" என்பதை "நோய் இல்லை" என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆஞ்சியோகிராம் செய்யும்போதே அடினோசின், அசிட்டைல்கோலின் ஆகிய மருந்துகளைச் செலுத்தி, குழாய்கள் எப்படி விரிகின்றன, சுருங்குகின்றன என்று பார்க்க முடியும். இதய எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் ஆகியவையும் ரத்த ஓட்டத்தை அளக்க உதவும். ஸ்காட்லாந்தில் 151 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், இப்படிக் காரணத்தைப் பிரித்தறிந்து மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்கு ஆறு மாதத்தில் வலி குறைந்திருந்தது. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நுண்குழாய்க் கோளாறுக்கு உதவும் பீட்டா பிளாக்கர் மாத்திரை, தமனி இறுகுபவர்களுக்கு வலியைக் கூட்டவும் செய்யலாம் என்பதால், ஊகத்தில் மருந்து கொடுப்பதைவிடப் பரிசோதிப்பதே மேல்.

ஆய்வேடு:
மருத்துவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எது இயல்பான இதயநோய் என்ற இலக்கணமே ஆண்களைப் பார்த்து எழுதப்பட்டது. இதயநோய்த் தடுப்புக்காக அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றில் பங்கேற்ற 12,866 பேரும் ஆண்கள். ஆஸ்பிரின் முதல் மாரடைப்பைத் தடுக்கிறது என்று 1989-ல் அறிவித்த ஆய்வில் இருந்த 22,071 மருத்துவர்களும் ஆண்களே. ஏறத்தாழ 40,000 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2005-ல்தான் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் அவர்களுக்கு ஆஸ்பிரின் முதல் மாரடைப்பைக் குறைக்கவில்லை, பக்கவாதத்தைக் குறைத்தது. அரசு நிதியில் நடக்கும் ஆய்வுகளில் பெண்களைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று அமெரிக்கா சட்டம் இயற்றியதும் 1993-ல்தான்.

ஆனால் பெண்களுக்கு மாரடைப்பில் நெஞ்சு வலியே வராது என்று பகிரப்படும் செய்தியை நம்ப வேண்டாம். அவர்களிலும் பெரும்பாலோருக்கு நெஞ்சு வலிதான் முதன்மை அறிகுறி. கூடவே மூச்சுத்திணறல், குமட்டல், தாடை அல்லது முதுகு வலி, கடும் களைப்பு ஆகியவை ஆண்களைவிட அதிகமாகச் சேர்ந்து வருகின்றன. கூட வருவதைக் கேட்டுவிட்டு நெஞ்சு வலியைக் காதில் வாங்காமல் விடுவதுதான் சிக்கல்.

செவிலியர், அரசு மருத்துவமனை:
இவ்வகைப் பரிசோதனைகள் பெருநகரங்களிலேயே சில இடங்களில்தான் உண்டு என்பது எனக்குக் கவலை தருகிறது, ஏனென்றால் தொலைவு கூடக்கூடப் பெண்கள் விடுபட்டுப்போகிறார்கள். டெல்லி எய்ம்ஸ் புறநோயாளிகள் பற்றி 2019-ல் வெளியான ஆய்வில், டெல்லியிலிருந்து வந்தவர்களில் ஒரு பெண்ணுக்கு 1.41 ஆண்கள் இருந்தார்கள்; பீகாரிலிருந்து வந்தவர்களில் அது 2.37. கூடப் போக ஆளில்லை, வீட்டில் சமைக்க ஆளில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்ற பேச்சை எங்கள் வார்டிலும் கேட்கிறேன். வைகைக்கரை, அக்காவோடு தாங்களே போய்வர முடிந்தால் நல்லது.

வைகைக்கரை:
நான் போகிறேன். மருத்துவரிடம் எதைக் கொண்டுசெல்ல வேண்டும்?

பொது மருத்துவர், நெல்லை:
ஆஞ்சியோகிராம் சிடியையும் டிரெட்மில் இசிஜி தாள்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கை மட்டும் போதாது. வலி எப்போது வந்தது, என்ன செய்துகொண்டிருந்தார், எத்தனை நிமிடம் நீடித்தது என்று அக்காவை ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ கூடியிருந்ததா என்பதையும் சொல்லுங்கள். பிற்கால இதயநோய்க்கு அவை ஆபத்துக் காரணிகள் என்றாலும் பலர் அதைக் கேட்பதே இல்லை. இதற்கிடையில், ஓய்வெடுத்தும் தணியாத வலியோ, வலியோடு வியர்வையோ மூச்சுத்திணறலோ வந்தால், பழைய ஆஞ்சியோகிராமை நம்பிக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.