62,000 கிலோமீட்டரிலேயே டைமிங் பெல்ட் அறுந்தது: ஹெட் இறக்கித்தான் ஆகணுமா?

கேள்வி: 16 வால்வு டீசல் என்ஜின். பெல்ட் மாற்ற 1 லட்சம் கி.மீ. என்று புத்தகத்தில் இருக்கிறது. ஹெட்டை (வால்வுகள் இருக்கும் என்ஜின் மேல்பகுதி) இறக்காமல் புது பெல்ட் மட்டும் மாட்டிப் பார்க்கலாமா?

பதில் 1: செல்ஃப் அடிக்கவே வேண்டாம் சார். பெல்ட் அறுந்ததும் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் நின்றுவிடும். மேலே ஏறும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் இடிக்கும். முதலில் மேல் கவரைக் கழற்றி ராக்கர்களை (வால்வை அழுத்தும் சிறு கைகள்) பாருங்கள். சில டீசல்களில் ராக்கர் உடைந்து வால்வு தப்பிவிடும். பிறகு டைமிங் செட் பண்ணி, சிலிண்டர் சிலிண்டராக லீக் டெஸ்ட், அதாவது உள்ளே காற்றை அழுத்திக் கசிகிறதா என்று பார்ப்பது. இன்டேக்கிலோ சைலன்சரிலோ ‘உஸ்’ என்று காற்று வந்தால் வால்வு வளைந்திருக்கிறது. ஹெட் இறங்கணும்.

பதில் 2: அறுந்த பெல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள், காரணம் அதில்தான் இருக்கிறது. ரப்பர் ஊதிப் பிசுபிசுத்தால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சீல் அல்லது கேம் சீலில் ஆயில் கசிவு. ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தால், பெல்ட்டை வழிநடத்தும் ஐட்லர் அல்லது இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங் கோளாறு. ஒரே இடத்தில் பல் வழித்திருந்தால் வாட்டர் பம்ப் இறுகியிருக்கலாம். இதைச் சரிசெய்யாமல் மாட்டினால் புது பெல்ட்டும் போகும்.

பதில் 3: செலவு பெல்ட்டில் இல்லை, வால்வு, வால்வு கைடு, ஹெட் கேஸ்கெட், லேத் கூலியில்தான். ஹெட் போல்ட் இறுக்கும்போது நீளும் ரகம் என்றால் புதுசே போடுங்கள். டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் சேர்த்தே மாற்றுங்கள். மாட்டியதும் கிராங்க்கைக் கையால் 2 சுற்று சுற்றி, டைமிங் மார்க் சேர்கிறதா பார்த்த பிறகே ஸ்டார்ட்.