கோல்ட்ஃபியூஷனில் கடைசியாக எப்போது கை வைத்தீர்கள்?

உப்புவெளி இரவுப்பணி:

போன மாதம் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் தம்பி ஒருவர் தொழிற்பயிற்சிக்கு வழி கேட்டு வீட்டுக்கு வந்திருந்தார். தேநீர் ஆறும்வரை என் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணா, இது ஹெச்.டி.எம்.எல். தானே, ஏன் இத்தனை டேக்கின் முன்னால் சி.எஃப். என்று இருக்கிறது?" என்று கேட்டார். ஹெச்.டி.எம்.எல். என்பது இணையப் பக்கத்தை எழுதும் மொழி; அதில் கோண அடைப்புக்குள் இடும் கட்டளைதான் டேக். கோல்ட்ஃபியூஷன் என்றேன், இணையத்தளங்களுக்கான நிரல் மொழி. அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார். இருபது வருடமாக எனக்குச் சோறு போடும் பெயர் அது.

அவரைக் குறை சொல்ல முடியாது. 1995-இல், அவர் பிறப்பதற்கு முன்பே, ஜெரமி அலேர், ஜே.ஜே. அலேர் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் கொண்டுவந்த மொழி இது. தரவுத்தளத்தில் உள்ளதை இணையப் பக்கத்தில் காட்டுவதற்குப் பேர்ல் மொழியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்த காலம். ஹெச்.டி.எம்.எல். தெரிந்தவனுக்கு இன்னும் நாலு டேக் கொடுத்தால் போதும் என்பது அவர்களுடைய கணக்கு. சி.எஃப்.குவெரி டேக்குக்குள் தரவுத்தளத்துக்கான கேள்வியை எழுது, சி.எஃப்.அவுட்புட் டேக்குக்குள் வேண்டிய தகவலின் பெயருக்கு இருபுறமும் ஹாஷ் (#) குறி இடு. விடை பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நிரலாளர் அல்லாதவர்களை நிரலாளராக்கிய மொழி என்று நான் இதைச் சொல்வேன். என்னையும் அப்படித்தான் ஆக்கியது.

2004-இல் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அந்த ஹாஷ் என்னை அழவைத்துவிட்டது. அட்டவணையின் தலைப்புக்குச் சிவப்பு நிறம் கொடுத்தேன். நிறத்தின் குறியீடும் ஹாஷில்தான் தொடங்கும் அல்லவா? கோல்ட்ஃபியூஷன் அதைப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, மூடும் ஹாஷைத் தேடிப் பக்கம் முழுவதும் அலைந்தது. பிழைச் செய்தி காட்டிய வரியோ வேறெங்கோ இருந்தது. இரவு பதினொரு மணிக்கு மூத்தவர் ஒருவர் வந்து, இன்னொரு ஹாஷைத் தட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டார். இரட்டை ஹாஷ் போட்டால் அது வெறும் குறி. அவ்வளவுதான் விஷயம்.

அப்போது எங்கள் குழுவில் பதினொரு பேர். 2001-இல் மேக்ரோமீடியா நிறுவனத்திடம் போயிருந்த மொழி 2005 கடைசியில் அடோபியிடம் போனது. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் கோல்ட்ஃபியூஷனில்தான் பிறந்தது என்று பெருமை பேசிக்கொண்டிருந்தோம். அதுவும் மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டுக்கு மாறிவிட்டது. பி.ஹெச்.பி. என்ற போட்டி மொழியோ இலவசம். பழைய ஆட்கள் போனார்கள், புதியவர் ஒருவரும் வரவில்லை. கடைசியில் நான் மட்டும் வீட்டிலிருந்து, ஒரே வாடிக்கையாளருக்காக, அமெரிக்கப் பகலில் விழித்திருக்கிறேன். புதிதாக ஒன்றும் கேட்கமாட்டார்கள். விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்தப் பக்கத்தில் என்னைத் தவிர இதைத் தொட்டவர்கள் இருக்கிறீர்களா? இருந்தால் எழுதுங்கள்.

நிலாவெளி சி.ஆர். கொப்பி:

தொட்டதில்லை, ஆனால் பட்டிருக்கிறேன். எங்கள் விருந்தினர் விடுதிக்கு 2010-இல் டொரொண்டோவில் உள்ள மைத்துனர் இணையத்தளம் செய்துகொடுத்தார். யுத்தம் முடிந்து, புறாத்தீவு பார்க்க ஆட்கள் வரத் தொடங்கிய நேரம். எந்த அறை எந்த நாளில் காலி என்று தளத்திலேயே தெரியும். பக்கத்து விடுதிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

சில வருடங்கள் கழித்து, தளத்தை வைத்திருந்த நிறுவனம் கோல்ட்ஃபியூஷன் வசதியை நிறுத்துவதாக மின்னஞ்சல் அனுப்பியது. நான் அதை விளம்பரம் என்று நினைத்து விட்டுவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை தளத்தைத் திறந்தால் அறைகளின் பட்டியலுக்குப் பதிலாக அந்த டேக்குகளே வரிவரியாக நிற்கின்றன. மைத்துனருக்கு அழைத்தேன். "மச்சான், அதை நான் மறந்தே பத்து வருடம் போலாகிறது" என்றார். நகரில் விசாரித்த மூன்று பேரும், புதிதாகச் செய்து தருகிறோம், பழையதைத் தொடமாட்டோம் என்றார்கள். அன்றிலிருந்து அறைப்பதிவெல்லாம் கையால் எழுதும் சி.ஆர். கொப்பிதான். அது எந்த நிறுவனம் மூடினாலும் திறக்கிறது.

மட்கோ சந்தி:

எனக்குச் சின்ன அனுபவம்தான். பயிற்சி நிலையம் ஒன்றில் இலவசமான டெவலப்பர் பதிப்பை ஒரு கணினியில் போட்டு, மற்றப் பிள்ளைகளையும் அதில் இணைத்துப் பழக்கலாம் என்று நினைத்தேன். வெளியிலிருந்து இரண்டு கணினிகளுக்குத்தான் அது இடம் கொடுக்கும். மூன்றாவது பிள்ளையின் திரையில் மறுப்பு வந்தது. அடுத்த வகுப்பில் பி.ஹெச்.பி. தொடங்கிவிட்டேன். இப்படி எத்தனை வகுப்புகள் மாறியிருக்குமோ.

மூதூர் அக்கா:

இரவுப்பணித் தம்பிக்கு ஹாஷ் என்றால் எனக்குக் கேள்விக்குறி.

சுனாமிக்குப் பிறகு திருமலையில் இயங்கிய வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றில் தரவு பதியும் வேலை செய்தேன். பயனாளிகளின் பட்டியலுக்கான மென்பொருள் கோல்ட்ஃபியூஷனில் இருந்தது. தலைமை அலுவலகத்தில் எழுதி அனுப்பியது. பெயர்களை ஆங்கிலத்தில் பதியச் சொன்னார்கள். ஒரே ஊரில் ஒரே பெயர் நாலு விதமான ஆங்கில எழுத்துகளில் வந்தது. பிறகு தமிழிலும் பதியலாம் என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொடுத்தார்கள். அதுவரை பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிப் பழகிய நான், யூனிகோடுக்கு விரலைத் திருப்பினேன். இரண்டு நாட்கள் உட்கார்ந்து நானூறுக்கு மேற்பட்ட பெயர்களை ஏற்றினேன்.

மூன்றாம் நாள் பட்டியலை அச்செடுத்தோம். பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறி. ஓர் எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி. கொம்புக்கும் புள்ளிக்கும்கூடத் தனித்தனியாக. தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க மூதூரிலிருந்து லாஞ்சில் வந்திருந்த ஓர் உம்மா, தாளை வாங்கி விரலால் தடவிப் பார்த்து, "எல்லாரையும் கேள்வி கேட்டுத்தான் வைத்திருக்கிறீர்கள், மகள்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

கோளாறு மொழியில் இல்லை. 2002-இல் வந்த எம்.எக்ஸ். பதிப்பிலேயே அதை ஜாவா மொழியின் மேல் திரும்ப எழுதிவிட்டார்கள். யூனிகோடு அதற்குத் தெரியும். தரவுத்தள இணைப்பில், எழுத்துகளை யூனிகோடாக அனுப்பு என்பதற்கான யூ.டி.எஃப். 8 என்று ஒரு வரி சொல்லாமல் விட்டிருந்தோம். அந்த வரி இல்லாததால் தமிழ் எழுத்து உள்ளே போகும்போதே கேள்விக்குறியாகிவிட்டது. ஆனபின் அதைத் திருப்பி எடுக்க வழியே இல்லை. பக்கத்தில் நேரடியாகத் தட்டிய தலைப்பு வேறு விதமாகக் கெட்டது: அந்தக் கோப்பின் எழுத்துமுறை இன்னது என்று மேலே ஒரு டேக் போட்டதும் அது சரியாகிவிட்டது. பெயர்களைத்தான் தாள்படிவங்களைப் பார்த்து மறுபடியும் தட்டினேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து அந்த வரியை எழுதி அனுப்பியவரின் முகம்கூட எனக்குத் தெரியாது. அப்போது கேட்டால் பதில் சொல்ல ஆள் இருந்தது. உங்கள் மொழி எப்போது செத்தது என்று என்னைக் கேட்டால், கேள்வி கேட்டுவிட்டு நான் மூன்று நாட்கள் காத்திருக்க வேண்டிவந்த வருடத்தைச் சொல்வேன்.

சீனன்குடாத் தம்பி:

செத்துவிட்டது என்று சொல்லாதீர்கள் அக்கா. நானும் இதில்தான் பிழைக்கிறேன், வயது முப்பதுதான். 2022-இல் ஒரு டாலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் போனபோது எங்கள் அலுவலகத்தில் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஸ்டாண்டர்ட் பதிப்பு 2,499 டாலர். ஐந்து லட்சமாக இருந்தது சில மாதங்களில் ஒன்பது லட்சம். மார்ச் கடைசியில் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வேறு. முதலாளி கணக்கைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் வேறு மொழியில் எழுது என்றார்.

எழுதவில்லை. லூசீ என்ற மென்பொருள் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் தோன்றிய ரைலோ என்ற மென்பொருளிலிருந்து 2015-இல் பிரிந்தது. இதே டேக்குகளை ஓட்டும், காசு இல்லை. தொலைபேசியில் நான் லூசீ, லூசீ என்று பேசியதைக் கேட்டு அம்மா, "யாரையடா பைத்தியம் என்கிறாய்?" என்று அதட்டினார். மின்சாரம் இருந்த நேரங்களில் மூன்று வாரத்தில் மாற்றி முடித்தேன். திருத்த வேண்டியிருந்தவை இருபது கோப்புகள்கூட இல்லை.

உப்புவெளி இரவுப்பணி:

சீனன்குடாத் தம்பி, என் கணக்கு தப்பு. ஒருவராவது புதிதாக வந்திருக்கிறீர்கள். லூசீக்கு மாறச் சொல்லி என் வாடிக்கையாளருக்கும் எழுதிப் பார்த்தேன். விழாமல் இருப்பதை ஏன் தொட வேண்டும் என்று பதில் வந்தது. நிலாவெளி அண்ணன் பழைய கோப்புகளை இன்னும் வைத்திருந்தால் சொல்லுங்கள், ஒரு சனிக்கிழமை வந்து ஓட்டிப் பார்க்கலாம்.

வளாகத்துத் தம்பிக்குக் கொழும்பில் பயிற்சி கிடைத்துவிட்டது, ஜாவாஸ்கிரிப்ட் வேலை. சொல்லிவிட்டுப் போக வந்தவர், திரையைப் பார்த்து, "அந்த இரட்டை ஹாஷ் எதற்கு அண்ணா?" என்று கேட்டார். இரண்டாவது ஹாஷை அழித்துவிட்டு, ஓட்டிப் பாருங்கள் என்று விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினேன்.