ஃப்ளூ வந்திருக்கு, பிள்ளைக்குப் பால் குடுக்கலாமா?

தேவகோட்டை பொண்ணு:
பிள்ளை பொறந்து 19 நாள் ஆச்சு, அம்மா வீட்ல இருக்கேன். நேத்து ராத்திரிலருந்து 102 காய்ச்சல், இருமல், உடம்பெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி வலி, டாக்டர் ஃப்ளூன்னு சொல்லிட்டாங்க. காய்ச்சலோட குடுக்குற தாய்ப்பால் பிள்ளைக்கு ஆகாது பவுடர் பால் கரைச்சுக் குடுன்னு ஆயா ஒரே பிடிவாதம். மாரு கட்டிக்கிட்டு வலிக்குது, அவன் அழுகுறதப் பாத்தா எனக்கும் அழுகையா வருது.

காரைக்குடி ஆச்சி:
நிறுத்தாதத்தா! ஃப்ளூ பால் வழியா போறதில்ல, இருமல் தும்மல்லயும் கையிலயும்தான் ஒட்டும். உன் உடம்பு அந்தக் கிருமிய எதிர்த்து உண்டாக்குற சக்தி பால்லதான் பிள்ளைக்குப் போகுது, அதப்போயி நிறுத்தலாமா. மாஸ்க் போட்டு, சோப்புல கை கழுவிட்டுத் தூக்கு, மத்த நேரம் தொட்டில உள்ள வேற அறைல போட்டு அம்மா பாத்துக்கட்டும். எந்திரிக்கவே முடியலன்னா பீச்சிக் குடு, பாலாடைல அம்மா புகட்டுவாக.

பள்ளத்தூர் நர்ஸ்:
ஆச்சி சொன்னது சரி. பாராசிட்டமால் போடலாம், ஆஸ்பிரின் வேணாம். ஃப்ளூவுக்கான ஓசல்டாமிவிர் எழுதியிருந்தா அதுக்காகவும் பால நிறுத்த வேணாம். எல்லா வைரசுக்கும் இது பொருந்தாதுங்க, மார்புல ஹெர்பிஸ் கொப்புளம் இருந்தா அந்தப் பக்கம் குடுக்கக் கூடாது, எச்.ஐ.வி.ன்னா டாக்டர் சொல்றபடிதான். பிள்ளைக்கு 100.4 தொட்டாலோ, பால் குடிக்கலன்னாலோ, மூச்சு வாங்குனாலோ விடியட்டும்னு இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி.

தேவகோட்டை பொண்ணு:
மாஸ்க் போட்டுக் குடுத்தேன் ஆச்சி, குடிச்சிட்டு தூங்குறான். ஆயாவுக்கு உங்க பதில வாசிச்சுக் காட்டுனேன், பவுடர் டப்பாவ எடுத்து வச்சுட்டாக.