நால்வர் குழுவின் முதல் ஆல்பம்: பல்லவியில் சொல் கரைகிறது, என்ன செய்வது?

டர்பன்_நால்வர்:
வணக்கம். நான்கு பையன்கள் பாடும் பாப் குழு, முதல் ஆல்பம். ஒன்பது பாட்டு, ஏழு தமிழ், இரண்டு ஆங்கிலம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில், வீட்டு அறையிலேயே பதிவு. தனிக்குரல் பளிச்சென்று இருக்கிறது. பல்லவியில் நால்வரும் சேர்ந்ததும் கூழாகிவிடுகிறது. "காத்து வருது" என்பது "காது வருது" என்று காதில் விழுகிறது! ஆளுக்கு நான்கு டேக் (ஒரு முறை பாடிய பதிவு), மொத்தம் 16 டிராக் (தனித்தனி ஒலித்தடம்). சொல் தெளிய ஈக்யூவில் (ஒலியின் அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 3 கிலோஹெர்ட்ஸைத் தூக்கிப் பார்த்தோம். காது கூசியதுதான் மிச்சம். இன்னொன்று, வெளியிடும் முன் எங்கெல்லாம் பதிய வேண்டும்? பழைய சினிமா மெட்டில் பாரதியார் பாட்டு ஒன்றும் சேர்க்க எண்ணம்.

மெய்யெழுத்து:
தம்பி, ஈக்யூவைத் தொடாதீர்கள். உங்கள் உதாரணத்திலேயே விடை இருக்கிறது. "காத்து" என்பதில் "த்" வரும்போது நாக்கு பல்லில் ஒட்டி, ஒரு கணம் சத்தமே இருக்காது. அந்த இடைவெளியை வைத்துத்தான் காது "காத்து" எது, "காது" எது என்று பிரிக்கிறது. நான்கு பேர் நான்கு நேரத்தில் ஒட்டினால், ஒருவன் மூடிய இடத்தை இன்னொருவனின் "கா" நிரப்பிவிடும். இடைவெளி போனது, சொல்லும் போனது. பாட்டு, எட்டு, பக்கம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஆங்கிலப் பாட்டில் இவ்வளவு அடிபடாது; அங்கே ஒற்று இரட்டித்துப் பொருள் மாறுவதில்லை.

லீட் டிராக்கை, அதாவது முதன்மைக் குரலை, அளவுகோலாக வையுங்கள். அதன் அலைவடிவத்தில் "த்" இருக்கும் இடம் கோடு போலத் தட்டையாகத் தெரியும். மற்ற டிராக் எல்லாவற்றிலும் அதே இடத்தில் வெட்டி, நகர்த்தி, முன்னும் பின்னும் 5 மில்லிநொடி ஃபேட் (ஒலி மெல்ல ஏறி இறங்குவது) கொடுங்கள். குரல்களின் நேரத்தை ஒத்திசைக்கும் வோகலைன் போன்ற மென்பொருள் முக்கால் வேலையை முடித்துவிடும். ஆனால் இரட்டித்த ஒற்றுகளைக் கையால் சரிபார்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது வரிக்கடைசி "ம்". "வரும்" என்பதை இருவர் உதடு மூடியும் இருவர் பேச்சுவழக்கில் மூக்கால் இழுத்தும் முடித்தால் எந்தக் கலவையும் காப்பாற்றாது. ஏதாவது ஒன்றை முடிவு செய்யுங்கள். மூடுவது என்றால், எத்தனையாவது அடியில் மூட வேண்டும் என்று வரித்தாளில் "ம்" தலைமேல் எண் எழுதுங்கள்.

கலவை_மேசை:
மேலே சொன்னதுதான் முதல் வேலை. அதற்குப் பிறகும் 16 டிராக் அதிகம். ஒரே சுரத்தில் பாடும் பகுதிக்கு ஆளுக்கு இரண்டு டேக், எட்டு போதும். ஹார்மனிக்கு (வேறு வேறு சுரத்தில் இணைந்து பாடுவது) ஒவ்வொரு குரல்வரிசைக்கும் இரண்டு டேக். ஒன்று முழுக்க இடது பக்கம், ஒன்று முழுக்க வலது பக்கம். லீட் நடுவில் தனியாக நிற்கட்டும்.

ஒரே மைக்கைச் சுற்றி நால்வரும் நிற்க வேண்டாம், பிறகு ஒருவன் சுருதியைத் திருத்த வழியே இருக்காது. லீடுக்கு மைக்கிலிருந்து 15 செ.மீ., ஹார்மனிக்கு 30 செ.மீ. தள்ளி நின்றால் தானாகவே பின்னணிக்குப் போய்விடும். பின்னணி டிராக்குகளில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். மூச்சுச் சத்தத்தை லீடில் மட்டும் விடுங்கள். "ச", "ஸ" சீறினால் சீறலைக் குறைக்கும் டீ-எஸ்ஸரை 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் தேடுங்கள். உரப்பு வேறுபாட்டைக் குறைக்கும் கம்ப்ரெஸ்ஸருக்கு முன்னால் போடுவது நல்லது.

டர்பன் ஈரப்பதத்துக்கு ஒரு எச்சரிக்கை. கண்டென்ஸர் மைக் திடீரென்று பொரிகிற மாதிரி சடசடத்தால் கேபிளைக் குறை சொல்லும் முன் காப்ஸ்யூலில் (மைக்குக்குள் ஒலியை வாங்கும் பகுதி) ஈரம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் ஓரிரவு வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மாஸ்டரில் (வெளியிடும் இறுதிப் பதிவு) உச்சம் மைனஸ் 1 டெசிபெலைத் தாண்ட வேண்டாம். ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 லஃப்ஸ் (உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன் செய்கிறது. அதைவிட உரக்க அழுத்தினால் அவர்கள் குறைத்துவிடுவார்கள். அழுத்தத்தில் செத்த உயிர் மட்டும் திரும்பி வராது.

டர்பன்_நால்வர்:
மிக்க நன்றி அண்ணா. இருவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ஆங்கில எழுத்தில்தான் வரி கொடுக்கிறோம். "ழ" வரும் இடமெல்லாம் "ஷ" மாதிரி விழுகிறது.

மெய்யெழுத்து:
இசட், எச் என்று எழுதினால் ஆங்கிலம் படித்த வாய் அப்படித்தான் போகும். அந்த இடத்தில் "ழ" என்ற எழுத்தையே சிவப்பில் எழுதிக் கொடுங்கள். ஒரே ஒரு எழுத்து, பத்து நிமிடத்தில் பழகிவிடும். அமெரிக்கர் சொல்லும் "ஆர்" ஒலியில் தொடங்கி, நாக்கு நுனியை இன்னும் பின்னால் வளைக்கச் சொல்லுங்கள். அண்ணத்தில் ஒட்டக் கூடாது, ஒட்டினால் "ள" ஆகிவிடும். நெடிலுக்கு ஆங்கில எழுத்தை இரட்டித்து எழுதுங்கள், இல்லையென்றால் "கால்" "கல்" ஆகும்.

உரிமைக்_கணக்கு:
பதிவு விஷயம். தென்னாப்பிரிக்காவில் உரிமைப் பணம் வசூலித்துத் தரும் சங்கங்கள் மூன்று. பாடல் எழுதியவரும் மெட்டமைத்தவரும் சாம்ரோவில் சேர வேண்டும். வானொலி, மேடை ஒலிபரப்புப் பணம் அங்கிருந்து வரும். பிரதியெடுப்பு, டவுன்லோட், ஸ்ட்ரீமிங் பங்குக்குக் கபாசோ. பாடிய நால்வருக்கும் பதிவின் உரிமையாளருக்கும் சாம்ப்ரா. லோட்டஸ் எஃப்எம் போன்ற வானொலி நிலையத்தில் ஒலித்தால் சாம்ரோ, சாம்ப்ரா இரண்டிலும் கணக்கு உண்டு. ஒன்றில் மட்டும் பதிந்துவிட்டு இருப்பவர்கள்தான் பாதிப் பணத்தை இழக்கிறார்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 12 குறிகள் கொண்ட ஐஎஸ்ஆர்சி எண் (பதிவின் அடையாள எண்) தேவை. ரைசாவிடம் (இசைப்பதிவுத் துறைச் சங்கம்) பெறலாம், அல்லது பாட்டை இணையத்தில் ஏற்றும் விநியோகஸ்தரே கொடுப்பார். ரீமிக்ஸுக்குத் தனி எண். விநியோகஸ்தரை மாற்றினாலும் பழைய எண்ணையே கொடுங்கள், இல்லையென்றால் கேட்ட கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

பாரதியார் 1921-இல் மறைந்தவர், வரிகளுக்கு உரிமைத் தடை இல்லை. மெட்டு வேறு! தென்னாப்பிரிக்காவின் 1978 சட்டப்படி, இசையமைப்பாளர் இறந்த ஆண்டு முடிந்து 50 ஆண்டு வரை அது காக்கப்படும். கபாசோவில் உரிமம் கேளுங்கள். இணையத்தில் இறக்கிய கரோக்கி டிராக், வரி, மெட்டு இரண்டும் போக மூன்றாவது சொத்து, அதன்மேல் பாடி வெளியிடக் கூடாது. நீங்களே புது மெட்டுப் போட்டால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை, சாம்ரோவில் மெட்டும் உங்கள் பேரில் ஏறும்.

பங்கு விழுக்காட்டை நால்வரும் கையெழுத்திட்ட தாளில் முதல் டேக்குக்கு முன்பே எழுதி வையுங்கள். பாட்டு ஓட ஆரம்பித்த பிறகு அந்தத் தாளை எழுதவே முடியாது.