அட்டையில் ஒரு புள்ளி: பல இன, பல மொழி வாசகர்களோடு நூலகத்தில் கிடைத்த அனுபவங்கள்

நூலகத்தில் வேலை பார்ப்பவர்களும் வாசகர்களும் தங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

14 வருடமாக இரவல் கவுன்ட்டரில் இருக்கிறேன். ஒரு நாள் ஓர் அம்மா உறுப்பினர் அட்டை கேட்டு வந்தார், கூடவே 8 வயது மகள். அவர்கள் வழக்கத்தில் ஒருவருக்கு ஒரே பெயர்தான், குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. எங்கள் கணினியோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் மேலே போக விடாது. நான் ஒரு புள்ளி வைத்துச் சேமித்துவிட்டேன், அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். அட்டை அச்சாகி வந்ததும் மகள் அந்தப் புள்ளியை அழுக்கு என்று நினைத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. பாவாடை நுனியால் தேய்த்தாள், அப்போதும் போகவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் அவர்கள் வரவே இல்லை.

அந்தக் கட்டத்தைக் கட்டாயமில்லை என்று மாற்றச் சொல்லிக் கேட்டேன், அரை நாள் வேலைதான், இத்தனை வருடம் யாரும் கேட்கவில்லை. இப்போது படிவத்தை நீட்டுவதற்கு முன்னால் "உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பழகுகிறேன். முகவரிச் சான்றும் இதே மாதிரி ஒரு தடைதான். ஒரே வீட்டில் மூன்று குடும்பம் இருக்கும், வாடகை ஒப்பந்தம் வேறு யார் பெயரிலோ இருக்கும். நாங்களே அவர்கள் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்புகிறோம், அதைக் கொண்டுவந்து காட்டினால் போதும், அதுவே சான்று.

---

நான் நூற்பட்டியல் பிரிவு. வாசகர் முகத்தை அதிகம் பார்க்காத வேலை, அதனால்தான் இதைக் கவனிக்க இவ்வளவு நாள் ஆனது என்று நினைக்கிறேன்.

ஒரு பெரியவர் தேடல் கணினி முன்னால் வெகுநேரமாக உட்கார்ந்திருந்தார். தலைப்பில் 'வாழ்க்கை' என்று வரும் ஒரு தமிழ்ப் புத்தகம் தேடுகிறார். தமிழிலேயே தட்டினார், முடிவு பூஜ்யம். ஆங்கில எழுத்தில் ழகரத்துக்கு நாம் எல்லோரும் போடுகிற மாதிரி 'இசட் எச்' போட்டார், பூஜ்யம். புத்தகம் அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. சர்வதேச விதிப்படி ரோமன் எழுத்தில் பதியும்போது ழகரத்துக்கு 'எல்' போட்டு அடியில் ஒரு கோடு இழுப்போம். உலகத்தில் எந்த வாசகர் அப்படித் தேடுவார்? மூல எழுத்தையும் சேர்த்துப் பதிய, மார்க் என்று நாங்கள் சொல்லும் கணினி நூல்விவரப் பதிவிலேயே 880 என்ற எண்ணில் ஓர் இடம் இருக்கிறது. நாங்கள் அதை நிரப்பாமல் விட்டிருந்தோம். வாரம் 40 பதிவு என்று வைத்துக்கொண்டு இப்போது நிரப்பி வருகிறேன், தமிழோடு நிறுத்தாமல் எங்களிடம் உள்ள அரபு, சீனப் புத்தகங்களுக்கும்.

பகுப்பு எண்ணையும் சொல்லியாக வேண்டும். நூல்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அலமாரியில் அடுக்கும் டூயி முறை 1876இல் வந்தது. அதில் ஆங்கில இலக்கியத்துக்கு 820, ஜெர்மனுக்கு 830, பிரெஞ்சுக்கு 840 என்று முழுப் பத்து முழுப் பத்தாக இடம் உண்டு. உலகத்தின் பெரும்பான்மை மொழிகள் எல்லாம் 890க்குள் நெருக்கியடித்துக்கொள்ள வேண்டும், தமிழ் இலக்கியம் 894.811. எண்ணை என்னால் மாற்ற முடியாது. ஆனால் அலமாரிக்கு மேலே 'பிற மொழிகள்' என்று தொங்கிய பலகையை இறக்கிவிட்டு ஒவ்வொரு மொழியின் பெயரையும் அதன் சொந்த எழுத்தில் எழுதி மாட்ட முடிந்தது. சொற்களும் மாறும், யாராவது விடாமல் கேட்டால். ஒரு நூல் எதைப் பற்றியது என்று குறிக்க அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வைத்திருக்கும் பொருள் தலைப்புகளில் குடியேறிகளைச் 'சட்டவிரோத அந்நியர்' என்று குறித்த தலைப்பை 2014இல் டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் எதிர்க்கத் தொடங்கினார்கள், 2021இல்தான் மாற்றம் வந்தது.

---

நான் நூலகர் இல்லை, வெறும் வாசகி. எங்கள் மொழிக்கென்று ஓர் அலமாரி இருந்தது, மறுக்கவில்லை. அதில் யாரோ நன்கொடையாகக் கொடுத்த பக்தி நூல்கள், சமையல் குறிப்புகள், அட்டை கிழிந்த அகராதி ஒன்று. நாங்கள் துப்பறியும் கதை படிப்போம், வேலைக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று தேடுவோம், கர்ப்ப காலத்தில் என்ன செய்யலாம் என்று ராத்திரி பயந்துகொண்டு படிப்போம். அதெல்லாம் அங்கே இல்லை. கடைசியில் "இந்த மொழிக்காரர்கள் எடுப்பதே இல்லை, புள்ளிவிவரம் அப்படிச் சொல்கிறது" என்று வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பசிக்கிறவனுக்கு முன்னால் காலித் தட்டை வைத்துவிட்டு இவனுக்குப் பசியே இல்லை என்று எழுதி வைத்த மாதிரி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931லேயே விதியாக எழுதிவைத்தாரே! வாசகரிடம் கேட்காமல் அது எந்த நூல் என்று எப்படித் தெரியும்?

---

மேலே எழுதிய தோழிக்கு: நீங்கள் சொன்ன அதே தவறைச் செய்தவன் நான், சிறுவர் பிரிவில். வருடத்துக்கு ஒரு நாள் பன்முகப் பண்பாட்டு விழா, தோரணம், நடனம், புகைப்படம். மறுநாள் எல்லாம் பழையபடி. ஓர் அப்பாதான் கேட்டார், "அடுத்த வாரம் என்ன இருக்கிறது?" என்று. பதில் இல்லை.

அதற்கப்புறம்தான் வாராவாரம் இருமொழிக் கதை நேரம் ஆரம்பித்தோம். புதுசாக நாங்கள் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை, புவெர்ட்டோ ரிக்கோவில் பிறந்த பூரா பெல்ப்ரே 1921இல் நியூயார்க் பொது நூலகத்தில் சேர்ந்து ஸ்பானிய மொழியிலும் கதை சொல்லியிருக்கிறார். முதல் வாரம் ஓர் அம்மா தன் மொழியில் வாசிக்கத் தொடங்கியதும் அவர் மகன் ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினான். கூச்சம். அவர் மெதுவாகக் கையை எடுத்துவிட்டுத் தொடர்ந்தார், கதையில் தவளை கத்தும் இடம் வந்தது. அவர்கள் மொழியில் தவளை வேறு மாதிரி கத்துகிறது! குழந்தைகள் எல்லோரும் அந்தச் சத்தத்தைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கத்தினார்கள், ஐந்தாவது தடவை அந்தப் பையனே எழுந்து நின்று கத்திக் காட்டினான்.

---

சுருக்கமாக ஒன்று. எங்கள் பக்கம் பலர் வராததற்குக் காரணம் பயம். அட்டை வாங்கினால் விவரம் அரசாங்கத்துக்குப் போகும், புத்தகம் தாமதமானால் வழக்கு வரும் என்றெல்லாம் நம்பினார்கள். இரவல் விவரத்தை யாரிடமும் காட்ட மாட்டோம், அபராதமும் இல்லை என்று அவர்கள் மொழியிலேயே எழுதி வாசலில் ஒட்டினோம். அமெரிக்க நூலகச் சங்கம் 2019இல் தாமதக் கட்டணம் ஒரு சமூக ஏற்றத்தாழ்வு என்று தீர்மானமே போட்டது, நிர்வாகத்திடம் பேச அது எனக்குக் கைகொடுத்தது. ஒரு விஷயம், இந்த மாதிரி விவரங்களுக்குக் குழந்தையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அம்மா திருப்பித் தர வேண்டிய புத்தகத்தைப் பிள்ளை வாயால் கேட்க வைப்பது இரண்டு பேருக்கும் வலி.

---

தொடங்கியவன் மறுபடி வருகிறேன். அந்த வாசகி எழுதியதைக் கிளையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அடுத்த கொள்முதலில் 20 புத்தகத்தை வாசகர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று முடிவாகி, நான்கு குடும்பங்களிடம் வெறும் தாளைக் கொடுத்திருக்கிறோம். மூன்று திரும்பி வந்துவிட்டது. நான்காவது வீட்டுப் பாட்டி இன்னும் யோசிக்கிறாராம், அவசரப்படுத்த வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.